ஒன்றே கால் லட்சத்தை ஸ்கிரீனில் எப்படி எழுதுவது?

ராயபுரத்தில் மாதம் ஒரு ஞாயிறு காலை நிரல் எழுதுகிறவர்கள் சிலர் கூடுவோம். இந்த முறை என்னிடம் கேட்கச் சொல்லியிருந்த விஷயம், பெரிய எண்களைச் சுருக்கிக் காட்டுவது. 1,50,000 என்பதை 1.5 லட்சம் என்று காட்டுகிற வேலைதான். சின்ன வேலை போலத் தெரியும், ஆனால் நான் இதில் பலமுறை தடுக்கி விழுந்திருக்கிறேன். வந்த கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இங்கே.

தண்டையார்பேட்டை, கல்லூரி மாணவர்: அக்கா, ஆயிரம் தாண்டினால் 1000ஆல் வகுத்து 'கே' (ஆயிரம்), பத்து லட்சம் தாண்டினால் 'எம்' (மில்லியன்) என்று இஃப்-எல்ஸ் போட்டிருக்கிறேன். இது போதுமா?

உங்கள் ஆப்பை யார் பார்க்கப் போகிறார்கள் தம்பி? அதைச் சொன்னால்தான் போதுமா இல்லையா என்று சொல்ல முடியும்.

காசிமேட்டில் ஒரு விசைப்படகு உரிமையாளருக்குக் கணக்கு ஆப் எழுதிக் கொடுத்தேன். டீசல், ஐஸ், ஆட்களுக்குப் படி, ஏலத்தில் வந்த தொகை என்று எல்லாம் அதில் ஏறும். ஒரு நாள் ஏலத் தொகை 1,25,000. ஸ்கிரீனில் 1.3 லட்சம் என்ற பொருளில் '1.3எல்' என்று வந்தது. அவர் போனை என் பக்கம் திருப்பி, "ஒண்ணே கால் லட்சம்மா வந்துச்சு. மேல அஞ்சாயிரம் எங்க இருக்கு?" என்று கேட்டார். அந்தத் தொகையை வைத்துத்தான் ஆட்களுக்குப் பங்கு பிரிக்க வேண்டும். இல்லாத ஐயாயிரத்தை நான் காட்டினால், பங்கு கேட்டு வருகிறவர்களுக்கு அவர் என்ன பதில் சொல்வார்?

நிரலில் பிழை எதுவும் இல்லை. ஜாவாஸ்கிரிப்டில் எண்ணை அந்தந்த ஊர் முறையில் எழுதித் தருகிற வசதி இன்டல் நம்பர்ஃபார்மேட். அதில் 'காம்பாக்ட்' (சுருக்கம்) என்று கேட்டால், புள்ளிக்கு முன்னால் ஒரே இலக்கம் இருக்கும்போது மொத்தம் இரண்டு இலக்கத்தோடு ரவுண்ட் செய்து நிறுத்திவிடும். அதனால் 1.25 என்பது 1.3 ஆகிறது. நம் ஊரில் பணத்தைப் பேசுவது கால், அரை, முக்கால் கணக்கில். ஒன்றே கால் லட்சம், இரண்டே முக்கால் கோடி. அதாவது .25, .5, .75. ஒரு தசம இடத்தில் காலும் முக்காலும் அடங்காது. பணம் என்றால் தசமத்துக்கு அப்புறம் இரண்டு இலக்கம் வைத்துக்கொள்ளுங்கள், 1.25 அப்படியே வரும். லட்சத்தில் இரண்டாவது இலக்கம் ஆயிரம் ரூபாய், கோடியில் அதுவே ஒரு லட்சம். எத்தனை ரூபாயை மறைக்கிறோம் என்று தெரிந்துகொண்டு மறைக்க வேண்டும்.

பெரம்பூர், வெப் டெவலப்பர்: தமிழ் லொகேல் (மொழி, நாட்டு அமைப்பு) கொடுத்தால் லட்சம், கோடி தானாக வரும் என்று நினைத்தேன். '150ஆ' என்று வருகிறது. என்ன தப்பு செய்தேன்?

நீங்கள் தப்பே செய்யவில்லை. பிரவுசர், ஆண்ட்ராய்டு, ஜாவா எல்லாம் இந்த விவரத்தை யூனிகோடின் சி.எல்.டி.ஆர். என்ற தரவுத் தொகுப்பிலிருந்து எடுக்கின்றன. அதில் தமிழுக்குச் சுருக்கமாக இருப்பவை ஆ, மி, பி, டி. அதாவது ஆயிரம், மில்லியன், பில்லியன், டிரில்லியன். ஒன்றரை லட்சம் '150ஆ' ஆகிறது, பதினைந்து லட்சம் '1.5மி' ஆகிறது. இந்தி கொடுத்துப் பாருங்கள், லாக் (லட்சம்), கரோட் (கோடி) கணக்கில் ஒழுங்காக வரும்.

காற்புள்ளி மட்டும் அதே தமிழ் லொகேலில் 15,00,000 என்று நம் முறையில்தான் விழுகிறது. சிங்கப்பூர்த் தமிழ், மலேசியத் தமிழ் என்று கேட்டால் 1,500,000 வரும். அங்கே மில்லியன் என்று பேசுகிறவர்களுக்கு அது சரி. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர் வருட வியாபாரத்தை மில்லியனில் சொல்லி நான் கேட்டதில்லை. இந்தக் குறை எனக்கு உண்மையிலேயே வருத்தம். சி.எல்.டி.ஆர். தரவுக்குத் திருத்தம் முன்மொழிய வழி இருக்கிறது, நாம்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

அதுவரை சுருக்கத்தை நாமே எழுதிக்கொள்வதுதான் வழி. இந்திய ஆங்கிலம் கொடுத்தால் லட்சத்துக்கு 'எல்', கோடிக்கு 'சிஆர்' வரும். பழைய பிரவுசர்களில் ஆயிரத்துக்கு 'டி' வந்துவிடும், ஜாக்கிரதை. அதை டிரில்லியன் என்றும் படிக்கலாம். புதியவற்றில் அதை 'கே' என்று மாற்றிவிட்டார்கள்.

வியாசர்பாடி: நாமே எழுதுவது என்றால் எப்படி? லாகரிதம் (ஓர் எண் 10இன் எத்தனையாவது அடுக்கு என்று சொல்கிற கணக்கு) வைத்து ஒரே வரியில் முடிக்கலாம் என்று பார்த்தேன்.

வேண்டாம். முதல் காரணம், ஆயிரம், லட்சம், கோடி என்ற நம் அலகுகள் சம தூரத்தில் இல்லை. ஆயிரம் வரை மூன்று சுழி, அப்புறம் இரண்டிரண்டு. மூன்றால் வகுக்கிற சூத்திரம் இங்கே உட்காராது. இரண்டாவது, ஜாவாஸ்கிரிப்டில் 1000இன் லாகரிதத்தை 10இன் லாகரிதத்தால் வகுத்தால் 3 வராது, 2.9999999999999996 வரும். கீழ்நோக்கி முழு எண்ணாக்கினால் 2. ஆயிரம் ரூபாய் நூறு ரூபாய் அலகுக்கு இறங்கிவிடும்.

எல்லாரும் மாட்டிக்கொள்கிற இடம் இன்னொன்று. முதலில் அலகைத் தேர்ந்தெடுத்துவிட்டு அப்புறம் ரவுண்ட் செய்கிறோம் இல்லையா? 99,960 லட்சத்துக்குக் கீழே, அதனால் அலகு ஆயிரம். வகுத்தால் 99.96, ஒரு தசமத்துக்கு ரவுண்ட் செய்தால் '100.0 ஆயிரம்'. நூறாயிரம் பழைய தமிழில் நல்ல சொல்தான், ஆனால் நாம் காட்ட நினைத்தது 1 லட்சம். 2010இல் நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் பைட் அளவைச் சுருக்க ஒருவர் எழுதிய ஜாவா நிரலிலும் இதே பிழைதான். 999,999 பைட் கொடுத்தால் ஆயிரம் கிலோபைட் என்று காட்டும், ஒரு மெகாபைட் என்று காட்டாது. ஏராளமானவர்கள் அதைக் காப்பி செய்து போட்ட பிறகு, 2019இல் எழுதியவரே பிழையைச் சொல்லித் திருத்தினார்.

நான் செய்வது இது. அலகை நூறால் வகுத்துக்கொள்கிறேன். லட்சத்துக்கு 1000, கோடிக்கு 1,00,000. எண்ணை அதனால் வகுத்து முழு எண்ணாக ரவுண்ட் செய்கிறேன். கடைசி இரண்டு இலக்கத்துக்கு முன்னால் புள்ளி வைக்கிறேன், பின்னால் வெறும் சுழி இருந்தால் வெட்டுகிறேன். லட்சத்தில் ரவுண்ட் செய்த பிறகு 10,000 வந்துவிட்டால் அது நூறு லட்சம், அதனால் கோடிக்கு ஏறி மறுபடி கணக்கிடுகிறேன். 99,99,600 கொடுத்துப் பாருங்கள், '1 கோடி' என்று வரும். '100 லட்சம்' வராது.

முழு எண்ணில் செய்வதால் இன்னொரு தொல்லையும் போகிறது. தசம இடங்களைக் குறைத்துத் தருகிற ஜாவாஸ்கிரிப்டின் டூஃபிக்ஸ்டிடம் 1.005ஐ இரண்டு தசமத்துக்குக் கேட்டால் 1.00 என்கிறது, ஏனென்றால் கணினிக்குள் அந்த எண் 1.005க்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது. 1,00,500ஐ 1000ஆல் வகுத்தால் 100.5 சுத்தமாக வரும், ரவுண்ட் செய்தால் 101. புள்ளி வைத்தால் 1.01.

லட்சத்துக்குக் கீழே நான் சுருக்குவதே இல்லை. '99,960' என்பது '99.96 ஆயிரம்' என்பதைவிடச் சின்னது.

கோடிக்கு மேலே போனால், கோடி எண்ணிக்கையையே ஒரு புது எண்ணாக எடுத்து அதே ஃபங்ஷனுக்குத் திரும்பக் கொடுங்கள். '12,500 கோடி', '3.2 லட்சம் கோடி' என்று பேப்பரில் பட்ஜெட் செய்தி படிப்பது போலவே வரும்.

மண்ணடி, இரும்புக் கடையில் கணக்கு எழுதுபவர்: மேடம், எங்கள் ரிப்போர்ட்டில் 'சிஆர்' என்று வந்ததை முதலாளி வரவு என்று படித்துவிட்டார். எக்செலிலும் காற்புள்ளி மூன்று மூன்றாக விழுகிறது. என்ன செய்யலாம்?

உங்கள் முதலாளி படித்தது நியாயம்தான் சார். பேரேட்டில் சிஆர் என்றால் கிரெடிட், டிஆர் என்றால் டெபிட், பல காலப் பழக்கம். கணக்கு சம்பந்தப்பட்ட எந்தத் திரையிலும் கோடிக்கு அந்தச் சுருக்கத்தைப் போடக் கூடாது. 'கோடி' இரண்டே எழுத்து, முழுசாகவே போடுங்கள்.

எக்செலில் செல் ஃபார்மேட்டில் 'கஸ்டம்' எடுத்து இதைப் போடுங்கள்:

[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0

கோடி, லட்சம் இரண்டுக்கும் காற்புள்ளி சரியாக விழும். ஆனால் நிபந்தனை இரண்டுதான் வைக்க முடியும் என்பதால் கழித்தல் எண் மூன்றாவது பகுதிக்குப் போய் -150,000 என்று நிற்கும். நஷ்டக் கணக்கும் வருகிற ஷீட் என்றால் இந்தத் தந்திரத்தை விட்டுவிட்டு, விண்டோஸின் ரீஜன் அமைப்பில் இலக்கப் பிரிப்பை 12,34,56,789 என்று மாற்றிவிடுங்கள். நிரலிலும் இதே எச்சரிக்கை உண்டு: அலகைத் தேர்ந்தெடுக்கும்போது கழித்தல் குறியை எடுத்துவிட்டுப் பாருங்கள், கடைசியில் திரும்பச் சேருங்கள்.

திருவொற்றியூர், யூடியூப் சேனல் நடத்துபவர்: என் சேனலில் 9,999 பேர். என் வெப்சைட்டில் 10 ஆயிரம் என்று வருகிறது, யூடியூபில் வரவில்லை. எது சரி?

யூடியூப் சந்தாதாரர் எண்ணிக்கையைச் சுருக்கும்போது கீழ்நோக்கித்தான் வெட்டுகிறது. அடையாத எண்ணை அடைந்ததாகக் காட்டாது. இலக்கு, பரிசு, சாதனை என்று வருகிற எண்ணுக்கு அதுதான் நேர்மை. இன்டல் நம்பர்ஃபார்மேட்டில் 'ரவுண்டிங்மோட்' என்பதற்கு 'ட்ரங்க்' (மிச்சத்தை வெட்டு) கொடுத்தால் அப்படியே வரும்.

ராயபுரம்: எங்கள் டேபிளில் '9.8 லட்சம்' என்பது '12 லட்சம்' என்பதற்கு மேலே வந்து நிற்கிறது. பின்கோடு நெடுவரிசையில் '6 லட்சம்' வருகிறது!

சுருக்கிய எழுத்தை வைத்து வரிசைப்படுத்துகிறீர்கள். எழுத்தாகப் பார்த்தால் 9 பெரியது. அசல் எண்ணை டேட்டாவில் வைத்துக்கொண்டு, காட்டும்போது மட்டும் சுருக்குங்கள். 600013 எண்ணே இல்லை, அது முகவரி. பின்கோடு, போன் நம்பர், பில் நம்பர் எதுவும் இந்த ஃபங்ஷன் பக்கமே வரக் கூடாது. பில்லில் இருக்கும் தொகையும்தான்.

எண்ணூர்: கடைசிக் கேள்வி அக்கா. '1.25 லட்சம்' என்று வருகிறதோடு 'ஐத் தாண்டியது' என்று சேர்த்தால் 'லட்சம்ஐத் தாண்டியது' என்று வருகிறது.

இதைக் கேட்டதற்கு நன்றி தம்பி, பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். லட்சம், ஆயிரம் இரண்டும் வேற்றுமை ஏறினால் லட்சத்தை, ஆயிரத்தில் என்று மாறும். கோடி மாறாது, கோடியை என்று யகரம் மட்டும் சேரும். வாக்கியத்தை ஒட்டுப்போடாமல் எண்ணுக்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லை வையுங்கள்: '1.25 லட்சம் ரூபாயைத் தாண்டியது', '12 லட்சம் பேரை எட்டியது'. உருபு ரூபாய் மேலும் பேர் மேலும் ஏறிக்கொள்ளும், எண் தொடாமல் நிற்கும். காசிமேட்டு ஆப்பில் இப்போது அப்படித்தான் இருக்கிறது. மேலே '1.25 லட்சம் ரூபாய்', விரல் வைத்தால் கீழே '1 லட்சத்து 25 ஆயிரம்' என்று முழுசாக விரியும். அந்த 'லட்சத்து'க்குத் தனியாக ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. எழுதிவிட்டேன்.