மணல் தான் விழுந்த திசையை மறப்பதில்லை

கேள்வி: ஒரு பெட்டியில் பொழிந்து நிரப்பிய மணலை மேலிருந்து அழுத்தினால் குறைவாகவும், அதே அளவு பக்கவாட்டில் அழுத்தினால் அதிகமாகவும் உருமாறுகிறது என்று படித்தேன். மணலும் அதேதான், அடர்த்தியும் அதேதான் எனும்போது, திசை மாறினால் குணம் ஏன் மாறுகிறது?

பதில்: அடர்த்தி என்ற எண், பெட்டிக்குள் எவ்வளவு மணல் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். மணல்மணிகள் ஒன்றையொன்று எந்தத் திசையில் தொட்டுக்கொண்டிருக்கின்றன என்பதை அது சொல்லாது. உங்கள் கேள்விக்கான விடையோ அந்தத் தொடுபுள்ளிகளில்தான் இருக்கிறது.

விழுகிற ஒவ்வொரு மணியும் தனக்குக் கீழே உள்ள மணிகளின்மேல் அமர்ந்தால்தான் நிலைகொள்ளும். பக்கத்து மணியைத் தொட்டாக வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. ஆகவே தொடுபுள்ளிகளில் மேல்-கீழாக அமைந்தவையே மிகுதி. மணிகள் சற்று நீண்டோ தட்டையாகவோ இருந்தால் இந்த மிகுதி இன்னும் கூடும்: தட்டையான கூழாங்கற்களை ஒரு வாளியில் கொட்டிப் பாருங்கள், நிற்பவை சிலவாகவும் படுத்திருப்பவை பலவாகவும் இருக்கும். ஜப்பானிய ஆய்வாளர் மசானோபு ஓடா, மணலுக்குள் பிசினைச் செலுத்தி இறுகவைத்து, மெல்லிய சீவல்களாக்கி, நுண்ணோக்கியின் கீழ் இந்த ஒழுங்கை ஒவ்வொரு தொடுபுள்ளியாக அளந்தார். 1972இல் வெளியான அந்த ஆய்வின் பொறுமை என்னை இன்றும் வியக்கவைக்கிறது.

மேலிருந்து வரும் சுமை, ஏற்கெனவே அணிவகுத்து நிற்கும் இந்தத் தொடுபுள்ளிகளின் வழியே சங்கிலி போலக் கீழே இறங்குகிறது. பக்கவாட்டில் அழுத்தும்போது அப்படிப்பட்ட ஆயத்தச் சங்கிலிகள் குறைவு என்பதால், மணிகள் வழுக்கியும் உருண்டும் புதிய தொடுபுள்ளிகளைத் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நாம் வெளியே அளக்கும் கூடுதல் உருமாற்றம் இந்தத் தேடலின் விளைவே. எல்லாப் பக்கமும் சம அழுத்தம் கொடுத்தாலும்கூட, இவ்வாறு பொழிந்த மணல் செங்குத்தாகச் சுருங்குவதைவிடக் கிடைமட்டமாகவே பொதுவாக அதிகம் சுருங்குகிறது.

கேள்வி: அப்படியானால், ஒரு திசையில் நன்றாக அழுத்தப்பட்ட மணல் எல்லாத் திசையிலும் உறுதியாகிவிடுமா?

பதில்: ஆகாது, இதைப் பலரும் தவறாகவே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். திசைக்குத் திசை குணம் மாறும் இந்தத் திசைச்சார்பில், மணல் படியும்போதே அமைவது ஒன்று, சுமையால் பின்னர் உண்டாவது மற்றொன்று என்று மண் இயக்கவியல் ஆய்வாளர்களான காசாகிராண்டேயும் கரீயோவும் 1944இலேயே பிரித்துக் காட்டினார்கள். சுமை ஏறும்போது அதன் திசையில் தொடுபுள்ளிகள் பெருகுகின்றன, குறுக்குத் திசையில் பல அறுந்துபோகின்றன. சுமை திரும்பினால் தாங்க வேண்டியவை அறுந்துபோன அந்தத் தொடுபுள்ளிகளே என்பதால், மணல் முன்னைவிட மென்மையாக நடந்துகொள்கிறது.

ஈரமான கடற்கரை மணலில் அழுத்தி மிதித்தால், காலைச் சுற்றி மணல் ஒரு கணம் உலர்ந்ததுபோல் வெளுப்பதைப் பார்த்திருப்பீர்கள். நெருங்கியிருந்த மணிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நகர்வதால் இடைவெளி பெருகி, நீர் உள்ளே உறிஞ்சப்படுகிறது. 1885இல் பொறியாளர் ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ் விளக்கிய விரிவு இது. சுமையைத் திருப்பினால், ஏறிய மணிகள் இறங்குகின்றன, மணல் சுருங்க முயல்கிறது. நீர் வெளியேற நேரமில்லாவிட்டால் அதன் அழுத்தம் உயர்ந்து, மணிகளுக்கிடையிலான பிடி தளர்ந்துவிடும். 1964 ஜூன் 16 அன்று ஜப்பானின் நீகாட்டா நிலநடுக்கத்தில், தளர்வான மணல் முன்னும் பின்னும் அசைக்கப்பட்டு இவ்வாறு நீர்மம்போல் ஆனதால், அடுக்குமாடிக் கட்டடங்கள் பெரிதாக உடையாமலே சாய்ந்தன.

இதனால்தான், ஆய்வகத்தில் மணலை மேலிருந்து மட்டும் அழுத்திப் பெற்ற வலிமையை அப்படியே வடிவமைப்பில் பயன்படுத்துவது எனக்குக் கவலை தருகிறது. ஒரு மண்கரையின் அடியில், மண் வழுக்கி இறங்கும் சறுக்குப் பரப்பு உருவாகும்போது, உச்சிக்குக் கீழே அழுத்தம் செங்குத்தாகவும், நடுவில் சாய்வாகவும், அடிவாரத்தில் ஏறக்குறைய கிடையாகவும் செயல்படுகிறது. மேலிருந்து அழுத்தும் சோதனை இவற்றுள் முதல் இடத்துக்குத்தான் பொருந்தும்.