டிஜிட்டல் வந்தபின் படங்கள் ஏன் நூறு நாள் ஓடுவதில்லை?

முக்கியக் காரணம், பிலிம் பெட்டி ஒழிந்ததுதான். பிலிம் காலத்தில் ஒவ்வொரு தியேட்டருக்கும் தனிப் பிரிண்ட், அதாவது படச்சுருளின் பிரதி, வேண்டும். செலவு அதிகம் என்பதால் குறைவாகவே போடுவார்கள். சென்னை, மதுரையில் ஓடித் தேய்ந்த பெட்டி, மாதங்கள் கழித்துத்தான் சிற்றூர் டூரிங் டாக்கீஸுக்கு வரும். கோடு விழுந்த படத்தைத்தான் அந்த ஊர்க்காரர்கள் காசு கொடுத்துப் பார்த்தார்கள்.

சென்னையின் கியூப் போன்ற நிறுவனங்கள் டிஜிட்டல் புரொஜெக்‌ஷனைக் கொண்டுவந்ததும் அந்த வரிசை உடைந்தது. இன்று சிற்றூரிலும் முதல் நாளே, அதே தெளிவில் படம். என்னைக் கேட்டால், இந்த மாற்றத்தின் பெரிய நியாயம் இதுதான்.

ஆனால் நூற்றுக்கணக்கான திரைகளில் ஒரே நாளில் வெளியாவதால், முதல் மூன்று நாள் வசூலே தலையெழுத்தாகிவிடுகிறது. வாய்வழிப் பேச்சால் கூட்டம் சேர அவகாசமில்லை. பல படங்கள் நான்கு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுவதால், வீட்டில் காத்திருப்பவர்களும் பெருகிவிட்டார்கள். சின்னப் படங்களுக்கு இது பலத்த அடி.