கால் வலு இருக்கிறது, அகோன்காகுவா ஏறலாமா?

கேள்வி: பத்து வருடமாக மலைகளில் நடக்கிறேன். 15 கிலோ சுமையோடு நாள் முழுக்க ஏறுவேன். ஆனால் 4,000 மீட்டருக்கு மேல் போனதில்லை. அடுத்து நேராக அகோன்காகுவா மலைக்குப் போகலாமா?

போகலாம், ஆனால் நேராக வேண்டாம். அதற்கு முன் 5,000 மீட்டரைத் தொடும் பயணம் ஒன்று போய், 4,500 மீட்டர் வாக்கில் சில இரவுகள் தூங்கிப் பாருங்கள். உங்கள் உடல் உயரத்தை எப்படித் தாங்கும் என்பது மேலே போனால்தான் தெரியும்.

அர்ஜென்டினாவில் இருக்கும் அகோன்காகுவாவின் உயரம் 6,961 மீட்டர். வழக்கமான பாதையில் கயிறு கட்டி ஏற வேண்டிய பாறை கிடையாது. நன்றாக நடப்பவர்கள் இதை எளிதாக நினைத்துவிடுவது அதனால்தான். உண்மையில் உங்கள் கால் வலுதான் எனக்குக் கவலை. வேகமாக நடக்கிறவர்கள் உடல் பழகும் முன்பே மேலே போய் நிற்பார்கள். உயரத்துக்கு உடல் பழகாததால் வரும் உயர நோய், உடற்பயிற்சி செய்தவரையும் விடாது.

காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கும் சுமார் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். 5,500 மீட்டரில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. அதை ஈடுகட்ட மூச்சு வேகமாகும். அப்போது ரத்தத்தில் கூடும் காரத்தன்மையைச் சிறுநீரகம் சரிசெய்ய நாட்கள் ஆகும். சிவப்பணுக்கள் பெருக வாரங்கள் ஆகும். கீழே எவ்வளவு ஓடினாலும் இந்த நாட்களைக் குறைக்க முடியாது.

எனவே 3,000 மீட்டரைத் தாண்டியபின், தூங்கும் இடத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே முகாமில் தங்குங்கள். பகலில் கொஞ்சம் சுமையை அடுத்த முகாமில் வைத்துவிட்டு, இறங்கி வந்து தூங்குவது நல்ல வழி.

தலைவலியோடு குமட்டலோ தலைசுற்றலோ வந்தால் உயர நோய் என்றே எடுத்துக்கொண்டு, சரியாகும்வரை மேலே போகாதீர்கள். குதிகாலை மறுகாலின் விரலோடு ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்கத் தடுமாறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ மூளை வீங்குகிறது அல்லது நுரையீரலில் நீர் கோக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காமல், துணையோடு உடனே இறங்க வேண்டும். அசிட்டசோலமைடு மாத்திரை உடல் பழக உதவும். ஆனால் மருத்துவரைக் கேட்காமல் எடுக்காதீர்கள். அதைப் போட்டுக்கொண்டு வேகமாக ஏறுவதும் தவறு.

அப்புறம், கிராம்பான் (காலணிக்கு அடியில் மாட்டும் கூர்முனைச் சட்டம்) மாட்டி நடக்கவும், சறுக்கினால் ஐஸ் ஆக்ஸை (பனிக்கோடரி) குத்தி நிற்கவும் முன்பே ஒரு பனிச்சரிவில் கற்றுக்கொள்ளுங்கள். காற்று அடங்கக் காத்திருக்க மூன்று நான்கு நாள் உபரியாக வையுங்கள்.

உச்சிக்குக் கீழே கனலேத்தா என்ற சரளைச் சரிவு வரும். களைத்த உடம்புக்கு அது பெரிய சோதனை, அதே வழியில் இறங்கவும் வேண்டும். எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதை முந்தின இரவே முடிவு செய்து துணைவரிடம் சொல்லிவிடுங்கள். அந்த நேரத்தில் உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும், திரும்பலாம் என்று அவர் சொன்னால் திரும்பிவிடுங்கள்.