மாத்திரை வீட்டுக்கு வந்தால் இரத்த அழுத்தம் குறையுமா? வாசகர் கேள்விகள்

(கிருஷ்ணகிரி மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணியாற்றி ஓய்வு பெற்ற மருத்துவர் பதிலளிக்கிறார்.)

சூளகிரி வாசகர்: ஐயா, 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் சாமனப்பள்ளியில் தொடங்கிய, தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து அழுத்தம் அளந்து மாத்திரை தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் நோயாளிகளுக்குப் பலன் உண்டா?

2020-இல் தமிழக அளவில் நடந்த கணக்கெடுப்பில், இரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்கே அது கட்டுக்குள் இருந்தது. 2023–24 கணக்கெடுப்பில் அது 17 சதவீதமாக உயர்ந்தது. சர்க்கரை நோயில் 10.8 என்பது 16.7 ஆனது. முன்னேற்றம் உண்மைதான். ஆனால் திட்டம் சென்றடையாத ஒரு பகுதியை உடன் வைத்து ஒப்பிடாத நிலையில், உயர்வு முழுவதையும் திட்டத்தின் கணக்கில் எழுத நான் தயங்குகிறேன்.

காவேரிப்பட்டினம் வாசகர்: பிரஷர் 120/80 வந்துவிட்டது. மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது. மாத்திரை சாப்பிடுவதால்தான் அந்த அளவு வந்திருக்கிறது.

ஓசூர் வாசகர்: ஒப்பீடு இல்லை என்று சொல்லியே நல்ல திட்டத்தைக் குறைத்துப் பேசுகிறீர்களே?

குறைத்துப் பேசவில்லை, ஒப்பீட்டுடன் நடந்த ஆய்வுகளையே பாருங்கள். வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கைக் கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று அழுத்தத்தை அளந்து, அதிகமிருந்தவர்களை மருத்துவரிடம் அனுப்பினார்கள். இரண்டு ஆண்டுகளில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட அவர்களுக்கு மேல் அளவு (120/80-இல் 120 போன்ற முதல் எண்) சுமார் 5 புள்ளி கூடுதலாகக் குறைந்தது என்று 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. சீனாவில் ஆய்வு நடந்த 326 கிராமங்களில் பாதியில் கிராம மருத்துவர்களே வரையறுத்த முறைப்படி மருந்தைத் தொடங்கவும் கூட்டவும் அனுமதிக்கப்பட்டபோது, 18 மாதங்களில் 57 சதவீதத்தினருக்கு அழுத்தம் கட்டுக்குள் வந்தது. மற்ற கிராமங்களில் அது சுமார் 20 சதவீதமே. பின்னர் மாரடைப்பும் பக்கவாதமும்கூட அங்கே குறைந்தன. இந்த இரண்டிலும் அளந்த எண் மருந்தின் அளவை மாற்றியது. நம்மூரில் தன்னார்வலர் 160 என்று குறித்துவிட்டு, போன மாதம் தந்த அதே மாத்திரை அட்டையைத் தந்து செல்வாரானால், வீட்டு வாசலுக்கு வந்தது மாத்திரை மட்டுமே, சிகிச்சை அன்று.

ஊத்தங்கரை வாசகர்: மூட்டு வலிக்கு என்ன செய்வது?

எலும்பு மருத்துவரைப் பாருங்கள். கடையில் நீங்களாக வாங்கும் வலி மாத்திரைகளில் பல அழுத்தத்தை ஏற்றக்கூடியவை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

ஓசூர் வாசகர், மீண்டும்: அப்படியானால் தன்னார்வலரே அளவைக் கூட்டட்டுமே?

வேண்டாம். அவர்கள் பெரும்பாலும் சுயஉதவிக் குழுப் பெண்கள். அந்தப் பொறுப்பை அவர்கள் தலையில் சுமத்துவது நியாயமன்று. தொடர்ந்து இருமுறை 140-ஐத் தாண்டியவர்களின் பெயர்கள் அந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரின் மேசைக்குப் போனால் போதும். அளப்பதும் சரியாக இருக்க வேண்டும்: மாந்தோப்பில் கூடை சுமந்து வந்தவரை ஐந்து நிமிடம்கூட உட்கார வைக்காமல், சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றி எடுத்த எண்ணை நம்பி எந்த மருத்துவரும் மருந்தைக் கூட்டக் கூடாது.

பாலக்கோடு வாசகர்: இப்போது நார்மல்தான் ஐயா. ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை போடலாமா?

காவேரிப்பட்டினத்தவருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.