சட்ட ஆலோசனை: வான் கண்ணாடியில் ஒட்டிய கறுப்பு டின்ட்டுக்காக நீதிமன்றம் போக வேண்டுமா?

கேள்வி: தலவாக்கலைக்கு அருகில் உள்ள தோட்டமொன்றில் வசிக்கிறேன். காலையிலும் பிற்பகலிலும் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றுகிறேன்; சிவனொளிபாதமலை பருவகாலத்தில் நல்லதண்ணிக்கு ஹயர் ஓடுகிறேன். எட்டு மாதங்களுக்கு முன் கண்டியில் ஒரு பழைய ஜப்பான் வான் வாங்கினேன். வாங்கும்போதே எல்லாக் கண்ணாடிகளிலும் கறுப்பு டின்ட் ஒட்டியிருந்தது. வாகனப் பதிவுப் புத்தகம் இன்னும் பழைய உரிமையாளரின் பெயரில்தான் இருக்கிறது. ஓபன் பேப்பரில், அதாவது பெயர் மாற்றாமல் அவர் கையெழுத்திட்ட படிவங்களை வைத்து, வாங்கினேன். கடந்த வாரம் ஹட்டனுக்கு அருகில் போக்குவரத்துப் பொலிஸார் மறித்து, கண்ணாடியைப் பார்த்துவிட்டு, சிங்களத்தில் ஒரு பத்திரம் எழுதித் தந்து, சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுத்துக்கொண்டார்கள். நீதிமன்றத் திகதியும் போட்டிருக்கிறது. ஒரு நண்பர் தபால் கந்தோரில் தண்டம் கட்டினால் முடிந்துவிடும் என்கிறார். இன்னொருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு வந்துவிடு என்கிறார். மூன்றாமவர், பக்கக் கண்ணாடியில் நூற்றுக்கு 50 வரை டின்ட் போடலாம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது என்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: உங்களது மூன்றாவது நண்பரிடமிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அவர் சொன்னதை நம்பி நீதவான் முன் வாய் திறந்தால் நிலைமை மோசமாகும். அவர் குறிப்பிடுவது இலங்கை உச்ச நீதிமன்றத்தை அல்ல. இந்தியாவின் மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 இன் 100ஆம் விதி, முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் நூற்றுக்கு 70 வீதமும் பக்கக் கண்ணாடிகள் 50 வீதமும் ஒளியை உள்ளே விட வேண்டும் என்று கூறுகிறது. இந்திய உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரல் 27 அன்று வழங்கிய தீர்ப்பில், அந்த அளவு தொழிற்சாலையில் செய்யப்படும் கண்ணாடிக்கு உரியது என்றும், பின்னர் மேலே ஒட்டப்படும் தாள் எந்த அளவில் இருந்தாலும் அனுமதிக்க முடியாது என்றும் கூறியது. ஆகவே உங்கள் நண்பர் இந்தியாவை வைத்துப் பேசினாலும் அந்தத் தீர்ப்பைத் தலைகீழாகவே விளங்கியிருக்கிறார். தமிழ்நாட்டிலிருந்து வரும் காணொளிகளைப் பார்த்துவிட்டு நம் நாட்டுச் சட்டம் என்று நம்புகிறவர்களை என் அலுவலகத்தில் மாதத்துக்கு இரண்டு பேராவது சந்திக்கிறேன்.

நம் நாட்டில் இந்த விடயத்துக்கான மூலச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் ஆகும். வாகனத்தின் கட்டமைப்பு, பொருத்துபாகங்கள், சாரதியின் பார்வை ஆகியவை பற்றிய விரிவான நிபந்தனைகள் அந்தச் சட்டத்தின் கீழ் அமைச்சர் ஆக்கி வர்த்தமானியில் வெளியிடும் ஒழுங்குவிதிகளில் இருக்கின்றன. அவை காலத்துக்குக் காலம் மாறுகின்றன. 2025 ஜனவரியில் பொலிஸார் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் இருந்த மேலதிக அலங்காரங்களையும் பொருத்துபாகங்களையும் அகற்றச் சொன்னபோது எழுந்த சலசலப்பு உங்களுக்கு நினைவிருக்கும். நெடுங்காலம் யாரும் கேள்வி கேட்காமல் விட்ட பொருளும் திடீரென்று ஒருநாள் குற்றச்சாட்டாக வந்து நிற்கலாம் என்பதற்கு அது நல்ல உதாரணம். எனவே “இத்தனை வருடம் யாரும் கேட்கவில்லையே” என்பது நீதிமன்றத்தில் எதிர்வாதம் ஆகாது.

இப்போது உங்கள் கையில் உள்ள பத்திரத்துக்கு வருவோம். அதன் பிரதியை நீங்கள் எனக்கு அனுப்பவில்லை. ஆனால் நீதிமன்றத் திகதி இருப்பதாகச் சொல்கிறீர்கள். தண்டத் தொகை குறிக்கப்பட்ட, 14 நாட்களுக்குள் தபால் கந்தோரில் கட்ட வேண்டிய பத்திரம் வேறு. திகதி குறித்து நீதிமன்றத்துக்கு அழைக்கும் பத்திரம் வேறு. சட்டத்தில் பட்டியலிடப்பட்ட குறிப்பிட்ட சில குற்றங்களுக்கு மட்டுமே முதல் வகைப் பத்திரம் தரப்படும். உங்களுக்குத் தரப்பட்டது இரண்டாவது வகையாக இருந்தால் தபால் கந்தோரில் கட்டுவதற்கு எதுவும் இல்லை. அந்தப் பத்திரமே நீதிமன்றத் திகதி வரை உங்களுடைய தற்காலிக அனுமதிப்பத்திரமாகவும் இருக்கிறது என்பதால் அதை மடித்துப் பணப்பையில் வைத்து நைந்துபோக விடாதீர்கள். சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, எந்தப் பிரிவின் கீழ், அல்லது எந்த ஒழுங்குவிதியின் கீழ் குற்றம் எழுதப்பட்டிருக்கிறது என்பதை எழுத்து எழுத்தாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வழக்கு முழுவதும் அந்த ஒரு வரியில்தான் தங்கியிருக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். குற்றச்சாட்டு, கண்ணாடி இத்தனை வீதத்துக்குக் குறைவாக ஒளியை விட்டது என்று ஓர் அளவைச் சொல்லும் ஒழுங்குவிதியின் கீழ் இருந்தால், அந்த அளவு மீறப்பட்டதை முறைப்பாட்டாளர் தரப்பு நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டும். ஒளி கடக்கும் வீதத்தை மனிதக் கண் அளந்து சொல்ல முடியாது, அதற்கு மீற்றர் வேண்டும், அளந்த பெறுமதி பதிவாகியிருக்க வேண்டும். மாறாக, சாரதியின் பார்வையை மறைக்கும் விதத்தில் வாகனத்தைப் பயன்படுத்தினார் என்ற தன்மையில் குற்றச்சாட்டு இருந்தால், உள்ளே இருந்த சாரதியின் முகமே தெரியவில்லை என்று உத்தியோகத்தர் சாட்சியம் சொல்வதே போதுமானதாகி விடலாம். முதலாவதில் உங்களுக்கு வாதம் இருக்கிறது. இரண்டாவதில் மிகக் குறைவாகவே இருக்கிறது. எதுவென்று தெரியாமல் “குற்றவாளி” என்று சொல்லிவிட்டு வருவது, பார்க்காத பத்திரத்தில் கையெழுத்து வைப்பதைப் போன்றது. பொருந்தும் ஒழுங்குவிதியின் தமிழ்ப் பிரதியை அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் வர்த்தமானிகளுக்கிடையே தேடி எடுக்கலாம். உங்கள் மகனோ மகளோ உயர்தரம் படித்துக்கொண்டிருந்தால் அவர்களிடம் விடுங்கள், உங்களைவிட வேகமாகக் கண்டுபிடிப்பார்கள்.

ஆனால் வாதம் இருக்கிறது என்பதற்காக டின்ட்டை அப்படியே வைத்திருக்கலாம் என்று நினைக்க வேண்டாம். இங்கே என் கருத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன்: முன்கண்ணாடியிலும் சாரதி ஆசனத்துக்கு இரு பக்கத்திலும் உள்ள கதவுக் கண்ணாடிகளிலும் ஒட்டியுள்ள தாளை இன்றைக்கே உரித்துவிடுங்கள். உங்கள் வான் ஜப்பானிலிருந்து வந்தபோது அந்தக் கண்ணாடிகளில் தாள் இருந்திருக்க வாய்ப்பில்லை, ஏனென்றால் ஜப்பானிய விதிகளின்படி முன்கண்ணாடியும் முன்பக்கக் கதவுக் கண்ணாடிகளும் குறைந்தது நூற்றுக்கு 70 வீத ஒளியை விட வேண்டும். பின்பக்கக் கண்ணாடிகளுக்கு அங்கே அத்தகைய வரம்பு இல்லாததால்தான் பல ஜப்பான் வான்களின் பின்பாதி தொழிற்சாலையிலேயே கருமையாக வருகிறது. இந்த வேறுபாடு உங்களுக்குப் பயன்படும். கண்ணாடியை அரைவாசிக்கு இறக்கி மேல் விளிம்பைப் பாருங்கள். தாள் ஒட்டியிருந்தால் விளிம்பிலிருந்து ஓரிரு மில்லிமீற்றர் தள்ளி ஒரு கோடு தெரியும், நகத்தால் தொட்டால் உணரலாம். கண்ணாடியே கருமையாக வார்க்கப்பட்டிருந்தால் அந்தக் கோடு இருக்காது. திறக்க முடியாத பின்பக்கக் கண்ணாடிகளில் ஓரங்களைப் பார்க்க வேண்டும். எவை தாள், எவை கண்ணாடி என்பதைத் தவணைக்கு முன்பே உங்களால் சொல்ல முடிந்தால், உங்கள் சட்டத்தரணிக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

தாள் விற்கும் கடைகளில் சொல்லப்படும் வீதத்தையும் நம்பி ஏமாறாதீர்கள். “50 வீதம்தான், மெல்லியது” என்று சொல்லி ஒட்டுவார்கள். வெறும் கண்ணாடியே நூற்றுக்கு நூறு ஒளியை விடுவதில்லை. அது 80 வீதம் விடுகிறதென்று வைத்துக்கொண்டால், அதன் மேல் 50 வீதத் தாள் ஒட்டியதும் மிஞ்சுவது 40 வீதம்தான். 35 வீதத் தாள் என்றால் 28 வீதம். இரண்டையும் பெருக்க வேண்டுமே தவிரத் தாளின் எண்ணை மட்டும் பார்க்கக் கூடாது.

இதை நான் சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. சைட் மிரரை நீங்கள் எதனூடாகப் பார்க்கிறீர்கள் என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? முன்பக்கக் கதவுக் கண்ணாடியினூடாகத்தான். கினிகத்தேனை ஏற்றத்திலோ ரதல்லைப் பக்கத்து வளைவுகளிலோ மாலை ஐந்து மணிக்கு மூடுபனி இறங்கும்போது, மழையும் சேர்ந்தால், கறுப்புத் தாளினூடாகத் தெரியும் மிரரில் பின்னால் வரும் மோட்டார் சைக்கிளின் விளக்கைத் தவிர எதுவும் தெரியாது, சில வேளை அதுவும் தெரியாது. அப்படி ஒரு விபத்து நேர்ந்தால் விடயம் டின்ட் பற்றிய சிறு வழக்காக நிற்காது. ஓர் உயிர் போனால் கவனயீனத்தால் மரணம் விளைவித்தல் என்று தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவின் கீழ் வழக்கு வரும், நட்டஈட்டு வழக்கும் வரலாம். அங்கே எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் கேட்கப்போகும் கேள்வி உங்கள் கண்ணாடியைப் பற்றியதாகவே இருக்கும். டின்ட் வழக்கில் நீங்கள் முன்பு விடுதலையாகியிருந்தாலும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றுகிறவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

பழைய உரிமையாளர் ஒட்டிய தாளுக்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும் என்றும் உங்களுக்குத் தோன்றலாம். அன்று வீதியில் அந்த வாகனத்தைச் செலுத்தியவர் நீங்கள். குற்றச்சாட்டு ஒட்டியதற்காக அல்ல, அந்த நிலையில் பயன்படுத்தியதற்காக. அவரிடம் பணம் கேட்கவும் வழியில்லை; 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் மறைந்திருந்த குறைகளுக்குச் சில சந்தர்ப்பங்களில் உதவினாலும், நடுப்பகலில் கண்ணெதிரே கறுப்பாக இருந்த கண்ணாடியை மறைந்திருந்த குறை என்று எந்த நீதிமன்றமும் ஏற்காது.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது டின்ட் அல்ல, ஓபன் பேப்பர். வாகனம் கைமாறினால் 14 நாட்களுக்குள் விற்றவரும் வாங்கியவரும் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். எட்டு மாதங்கள் கடந்துவிட்டன. அந்த வான் பதிவேட்டின்படி இன்னும் கண்டியில் உள்ள ஒருவருடையது. அவர் இறந்தாலோ, கடன்காரர் அவருடைய சொத்துகளைத் தேடினாலோ, அல்லது மனம் மாறினாலோ உங்கள் நிலை என்ன? அவர் கையெழுத்திட்ட படிவங்களும் அடையாள அட்டைப் பிரதியும் உங்களிடம் இருந்தால் தவணைத் திகதிக்கு முன்பே உரிமை மாற்றத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள். தாமதக் கட்டணம் கட்ட நேரிட்டாலும் கட்டுங்கள். நீதவான் “வாகனம் யாருடையது?” என்று கேட்கும் கணத்தில் கையில் ஒரு பற்றுச்சீட்டாவது இருக்க வேண்டும்.

நீதிமன்ற நாளன்று நேரத்துக்குச் செல்லுங்கள். போகாமல் விட்டால் பிடியாணை பிறப்பிக்கப்படலாம். மலையகத்து நீதிமன்றங்களில் நடவடிக்கைகள் சிங்களத்திலேயே நடக்கின்றன, அதைக் கண்டு தடுமாற வேண்டாம். நீதிமன்றத்தில் பயன்படுத்தப்படும் மொழி தெரியாத தரப்பினருக்கு மொழிபெயர்ப்பை அரசு வழங்க வேண்டும் என்பது அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தரும் உரிமை. உங்கள் பெயர் கூப்பிடப்பட்டதும், கூட்டத்தின் அவசரத்தில் தலையை ஆட்டிவிடாமல், “எனக்குத் தமிழில் விளங்கப்படுத்துங்கள்” என்று ஒரே ஒரு வசனம் சொல்லுங்கள். நம்மவர்களில் எத்தனையோ பேர் தாம் எதற்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டோம் என்று வெளியே வந்து என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

குற்றச்சாட்டு அளவு சார்ந்ததாகவும், அளந்ததற்கான பதிவு எதுவும் இல்லாததாகவும் இருந்தால் “சுத்தவாளி” என்று சொல்லி வழக்கு விசாரணைக்குத் திகதி கேட்பது நியாயமானது. ஆனால் தவணைக்குத் தவணை ஹட்டனுக்கு வந்துபோகும் நாட்களில் உங்கள் ஹயர் வருமானம் போகும் என்பதையும் கணக்கில் எடுங்கள். குற்றச்சாட்டு பார்வை மறைப்பு பற்றியதாக இருந்தால், தாள் உரித்த கண்ணாடிகளின் புகைப்படங்களுடன் குற்றத்தை ஒப்புக்கொண்டு, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306ஆம் பிரிவின்படி நடக்குமாறு சட்டத்தரணி மூலம் கோருவதையே நான் விரும்புவேன். குற்றத்தின் சிறுமை, உங்கள் முன்னைய நடத்தை போன்றவற்றைக் கருதி, குற்றத்தீர்ப்பு வழங்காமலேயே விடுவிக்க நீதவானுக்கு அந்தப் பிரிவு இடமளிக்கிறது. அது நீதவானின் தற்றுணிபு, கேட்டால் கிடைத்தே தீரும் என்பதில்லை. சட்டத்தரணி வைக்க வசதி இல்லையென்றால், 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தில் வருமான விபரத்துடன் விசாரியுங்கள்.

வழக்கு ஒத்திவைக்கப்பட்டால் கூண்டிலிருந்து இறங்குவதற்கு முன், உங்கள் தற்காலிகப் பத்திரம் அடுத்த திகதி வரை செல்லுபடியாகுமா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். வழக்கு முடிந்தால் பற்றுச்சீட்டுடன் நீதிமன்றப் பதிவகத்துக்குப் போய் அனுமதிப்பத்திரத்தைக் கேட்டு வாங்குங்கள். அது கையில் இல்லாமல் அன்று பிற்பகல் பிள்ளைகளை ஏற்றப் போக வேண்டாம்.