ஷெல் புதுசு, ஸ்கிரிப்ட் பழசு: கேள்வி பதில்

கட்டளைகளைத் தட்டிக் கணினியை வேலை வாங்கும் ஷெல் பற்றிக் கேளுங்கள் என்று போன கிழமை சொல்லியிருந்தேன். ஹட்டனிலிருந்து பதுளை வரை கேள்விகள் வந்திருக்கின்றன. முக்கால்வாசி ஒரே புலம்பல்: அப்டேட் போட்டதும் நேற்றுவரை ஓடிய ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த கோப்பு) முரண்டு பிடிக்கிறது. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

ஹட்டன், தோட்ட அலுவலகக் கிளார்க்: அண்ணா, எங்கள் லினக்ஸ் கணினியில் உபுண்டு 22.04-இலிருந்து 24.04-க்கு மாறினோம். சாமான் தரும் கடைகளுக்குக் கடிதம் அச்சடிக்க பாஷ் என்ற ஷெல்லில் எழுதிய ஒரு ஸ்கிரிப்ட் உண்டு. கடிதத்தில் @@ இருக்கும் இடத்தில் கடையின் பெயர் விழ வேண்டும். இப்போது ‘பலசரக்கு & மரக்கறி’ என்ற பெயர் ‘பலசரக்கு @@ மரக்கறி’ என்று வருகிறது. ஸ்கிரிப்டில் யாரும் கை வைக்கவில்லை.

நீங்கள் கை வைக்கவில்லை, பாஷ் வைத்திருக்கிறது. 22.04-இல் இருந்தது பாஷ் 5.1, 24.04-இல் வருவது 5.2. மாறிக்குள் (ஒரு பெயர் போட்டு மதிப்பை வைத்திருக்கும் இடம்) ஒரு சொல்லைத் தேடி மாற்றுவதற்கு இரட்டைச் சாய்கோடு போட்டு எழுதுகிறோமே, அங்கேதான் மாற்றம். புதிதாக இடும் சொல்லில் மேற்கோளுக்குள் அடங்காத & இருந்தால், ‘தேடிப் பிடித்தது எதுவோ அது’ என்று 5.2 எடுத்துக்கொள்ளும். நீங்கள் தேடியது @@. அதனால் & நின்ற இடத்தில் அதுவே வந்து உட்கார்ந்துவிட்டது. உரையில் தேடி மாற்றும் எஸ்ஈடி கட்டளையில் & காலங்காலமாக இப்படித்தான் வேலை செய்கிறது.

கடைப் பெயரைத் தாங்கும் மாறியை, மாற்றும் இடத்திலேயே இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள். 5.1-இலும் சரியாக வரும், 5.2-இலும் சரியாக வரும். இன்னொரு வழி, இந்தப் புது நடத்தையைத் தரும் ‘பாட்சப் ரீப்ளேஸ்மெண்ட்’ என்ற தெரிவை ‘ஷாப்ட்’ கட்டளையால் ஸ்கிரிப்டின் தலையிலேயே அணைப்பது. ஆனால் பழைய பாஷுக்கு அப்படி ஒரு தெரிவு இருப்பதே தெரியாது, பிழை என்று கத்தும். பிழை வந்தால் நின்றுவிடும்படி ஸ்கிரிப்டை அமைத்திருந்தால் அந்த வரியிலேயே நின்றும் விடும். ஆகவே மேற்கோள்தான் நல்லது.

என்னைக் கேட்டால், இந்த வசதியை அணைத்த நிலையில் கொடுத்து, வேண்டியவர் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கலாம். சிலருக்கு வசதி, ஊர்ப்பட்ட பழைய ஸ்கிரிப்டுகளுக்குத் தலைவலி. அதுவும் பிழைச் செய்தி எதுவும் வராமல், கடிதம் அச்சாகி வெளியே போன பிறகுதான் தெரியவரும்.

அவரே மீண்டும்: பழைய பதிப்பைப் போல நடக்கச் சொல்லும் ‘பாஷ் காம்பாட்’ மாறியில் 5.1 என்று போட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடாதா?

ஆகாது. ஒவ்வொரு பதிப்புக்கும் கையேட்டில் பட்டியல் போட்டிருக்கும் சில நடத்தைகளை மட்டும்தான் அது திருப்பித் தரும். திருத்த நேரம் கிடைக்கும்வரை ஒட்டுப் போட்டு ஓட்டலாம். அதை நம்பி வருடக்கணக்கில் இருக்க வேண்டாம்.

பண்டாரவளை, மாணவி: வகுப்பில் எல்லோரும் சேர்ந்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதினோம். ஒரே மாறியில் பல மதிப்புகளைப் பெயரைச் சாவியாக வைத்து அடுக்கும் அணி அதில் இருக்கிறது. மற்றவர்களின் லினக்ஸில் ஓடுகிறது, என் மேக்கில் ஓடவில்லை. மேக் புதுசுதான் அண்ணா!

மேக் புதுசு தங்கச்சி, அதற்குள் இருக்கும் பாஷ் 3.2. பாஷ் 4.0 முதல் உரிமம் ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தின் மூன்றாம் பதிப்புக்கு மாறியது. ஆப்பிள் அதை எடுக்காமல் 3.2-உடன் நின்றுவிட்டது. 2019-இல் கேட்டலினா வந்தபோது வழக்கமான ஷெல்லையே இசட்-ஷெல் என்ற வேறொரு ஷெல்லாக மாற்றினார்கள். நீ சொல்லும் அணியோ 2009-இல் பாஷ் 4.0-உடன் வந்தது.

மேக்கில் மென்பொருள் போட உதவும் ஹோம்ப்ரூ மூலம் புதிய பாஷைப் போட்டுக்கொள். பழையதை அழிக்காதே, அது தன் பாட்டில் கிடக்கட்டும். ஸ்கிரிப்டின் முதல் வரியில் #! அடுத்து நேரடிப் பாதையைக் கொடுக்காமல் ‘என்வ்’ கட்டளை வழியாக பாஷைக் கூப்பிட்டால், கட்டளைகளைத் தேடும் பாதைப் பட்டியலில் முதலில் இருக்கும் பாஷ் ஓடும். இதில் ஒரு பொறி இருக்கிறது. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் வழியாக இரவில் தானாக ஓடும்போது அந்தப் பட்டியல் மிகக் குட்டையாக இருக்கும், திரும்பவும் 3.2 வந்து மாட்டும். அதனால் தொடக்கத்திலேயே பதிப்பைப் பார்த்து, 4-க்குக் கீழே இருந்தால் ஒரு வரி சொல்லிவிட்டு வெளியேறும்படி எழுது. நடுவழியில் புரியாத பிழை வருவதை விட அது எவ்வளவோ மேல்.

ஸ்கிரிப்டை இசட்-ஷெல்லுக்கே மாற்றலாமா என்றும் கேட்டிருந்தாய். வேண்டாம். அங்கே அணியின் எண் 1-இலிருந்து தொடங்கும், பாஷில் 0. மேற்கோள் இல்லாத மாறியை அது இடைவெளி பார்த்துப் பிரிக்கவும் செய்யாது. தட்டுவதற்கு இசட்-ஷெல் அருமை. பத்துப் பேர் ஓட்டும் ஸ்கிரிப்டுக்கு பாஷே இருக்கட்டும்.

நுவரெலியா: நண்பனின் பெடோரா லினக்ஸில் ஓடும் ஸ்கிரிப்ட் என் உபுண்டுவில் [[ (நிபந்தனை பார்க்கும் குறி) தெரியாது என்கிறது. இரண்டிலும் பாஷ் இருக்கிறதே?

முதல் வரியைப் பாருங்கள், பாஷ் என்றில்லாமல் எஸ்எச் என்ற பொதுவான ஷெல் பெயர் இருக்கும். பெடோராவில் அந்தப் பெயருக்குப் பின்னால் நிற்பது பாஷ். உபுண்டுவில் 2006-இல் வந்த 6.10 முதல் டாஷ் என்ற சிறிய ஷெல். வேகமானது, ஆனால் அதற்கு [[ தெரியாது, அணியும் தெரியாது. முதல் வரியை பாஷ் என்று மாற்றினால் போதும்.

பதுளை, ஆசிரியை: பாடசாலைக் கணினியில் விண்டோஸின் ஷெல்லான பவர்ஷெல் 5.1. மாணவர் பெயர்களைத் தமிழில் எழுதினால் கோப்பில் வெறும் கேள்விக்குறிகள். 7-க்கு மாறலாமா?

மாறலாம் மிஸ், பயப்படவே வேண்டாம். 7 வந்து 5.1-ஐத் தள்ளிவிடாது, பக்கத்திலேயே தனிப் பெயரில் இருக்கும். கேள்விக்குறிகள் வருவதற்குக் காரணம், 5.1 சிஎஸ்வி (அட்டவணையைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும்) கோப்பை ஆங்கில எழுத்துகளுக்கான ஆஸ்கி குறியீட்டில் எழுதுவதுதான். அதில் தமிழுக்கு இடமில்லை. 7 தமிழும் அடங்கும் யூடிஎஃப்-8 குறியீட்டில் எழுதும், ஆனால் எந்தக் குறியீடு என்று கோப்பின் தொடக்கத்தில் காட்டும் பிஓஎம் குறி வைக்காது. அந்தக் கோப்பை எக்செல்லில் இரட்டைக் கிளிக் செய்து திறந்தால் பெயர்கள் கிறுக்கலாகத் தெரியலாம். எக்செல்லுக்குப் போகும் கோப்பு என்றால் ஏற்றுமதியின்போதே பிஓஎம் உள்ள யூடிஎஃப்-8 என்று கேளுங்கள்.

ஸ்கிரிப்டுக்குள்ளேயே தமிழ் இருந்தால் அதையும் பிஓஎம் வைத்தே சேமியுங்கள், இரண்டு பதிப்பும் சரியாக வாசிக்கும். ஒன்று மட்டும் கவனம்: கணினியின் விவரங்களைக் கேட்கும் பழைய டபிள்யூஎம்ஐ கட்டளைகள் 7-இல் இல்லை, அதே வேலை செய்யும் சிஐஎம் கட்டளைகளுக்கு மாற்ற வேண்டும்.

தலவாக்கலை: அப்டேட்டுக்குப் பிறகு கட்டளையை ஒட்டினால் ஓடாமல் நிறம் மாறி நிற்கிறது. பழுதா?

பழுதில்லை தம்பி. பாஷ் 5.1 முதல் வழக்கமாகவே அப்படித்தான். ஒட்டியதை வாசித்துப் பார்த்து நீ என்டர் தட்டினால்தான் ஓடும். கண்ட இடத்தில் நகலெடுத்து ஒட்டுகிறவர்களுக்கு இது பெரிய பாதுகாப்பு, அணைக்காதே.

மஸ்கெலியா: வாடகை சேர்வரை வீட்டிலிருந்தே அப்டேட் செய்ய வேண்டும். மழை நாளில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. நடுவில் தொடர்பு அறுந்தால்?

சேர்வரில் டிமக்ஸ் என்ற நிரலுக்குள் போய்த் தொடங்குங்கள். தொடர்பு அறுந்தாலும் அங்கே வேலை நடக்கும், கரண்ட் வந்ததும் திரும்ப ஒட்டிக்கொள்ளலாம். உபுண்டுவின் பதிப்பையே மாற்றும் கட்டளை தானாகவே ஸ்க்ரீன் என்ற இதே மாதிரி நிரலுக்குள் ஓடும். தூரத்திலிருந்து உள்நுழையும் எஸ்எஸ்எச் வழியாகச் செய்கிறீர்கள் என்று கண்டால் 1022-ஆம் போர்ட்டில் இன்னொரு வாசலும் திறந்து வைக்கும், ஃபயர்வாலில் அதற்கு வழி விட்டிருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். அப்புறம், உங்கள் கணக்குக்கு இசட்-ஷெல்லோ ஃபிஷ்ஷோ எந்த ஷெல் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். முழு அதிகாரம் உள்ள ரூட் கணக்கை மட்டும் சிஸ்டத்தோடு வந்த ஷெல்லிலேயே விடுங்கள். புதிதாகப் போட்டது அப்டேட்டில் காணாமல் போனால், பழுது பார்க்க உள்ளே நுழையவே வழியிருக்காது.