பிற மதங்களைப் படித்தல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பள்ளிகளில் எல்லா மதங்களையும் பாடமாக வைக்கவேண்டும் என்று சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். பிற மதத்து நூல்களை முனைந்து படித்தவர்களாக நான் அறிந்தவர்கள் பெரும்பாலும் மதம் மாற்ற வந்தவர்களும், மேடையில் இழித்துப் பேசக் குறிப்பெடுத்தவர்களும்தான். குற்றம் காணவே படிப்பவரிடம் காழ்ப்பு எப்படிக் குறையும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மதம் மாற்ற வந்த ஒருவரையே எடுத்துக்கொள்வோம். டென்மார்க் மன்னர் அனுப்பி 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, தமிழர்கள் கல்வியோ ஒழுங்கோ இல்லாதவர்கள் என்ற எண்ணத்தோடுதான் வந்தார்; பின்னாளில் அவரே அதை ஒப்புக்கொண்டு எழுதினார். தொடக்க காலத்தில் ஒரு கோயிலில் இருந்த உருவங்களைக் கீழே தள்ளி, சிலவற்றின் தலையை உடைத்தும் இருக்கிறார். தம்மையே காத்துக்கொள்ள முடியாத தெய்வங்கள் என்று காட்டுவது அவர் நோக்கம். அங்கு வந்த ஒருவரோ, இவை தெய்வங்களே அல்ல, தெய்வத்தின் படைவீரர்கள் என்று சொல்லிவிட்டார். எதை உடைக்கிறோம் என்பதே உடைத்தவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

அதே மனிதர் ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்து 1708இல் அவற்றுக்குக் குறிப்புகளோடு பட்டியல் எழுதினார். நீதிவெண்பாவையும் கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் ஜெர்மனில் பெயர்த்தார். ஆனால் நூல்களைவிட அவர் கேட்ட கேள்விகளையே நான் பெரிதாக நினைக்கிறேன். 1712 முதல் தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதியனுப்பி, அவர்கள் எழுதிய மறுமொழிகளை மொழிபெயர்த்து ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பினார். 99 கடிதங்கள் அங்கே அச்சேறின. மாட்டிறைச்சி உண்பவர்கள், குடிப்பவர்கள், உடல் தூய்மை பேணாதவர்கள் என்று கிறிஸ்தவர்களைக் கடிந்துகொள்ளும் வரிகளும் அவற்றில் உண்டு. காழ்ப்பு நம் பக்கத்திலும் இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

1713இல் அவர் எழுதி முடித்த ‘தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளி’ சிவனையும் திருமாலையும் மட்டும் பேசி நின்றுவிடவில்லை. ஐயனார், மாரியம்மன், அங்காளம்மன், பிடாரி என்று ஊர்த்தெய்வங்கள் வரை சென்று, உருவமும் வழிபாடும் கேட்டறிந்து எழுதியது. தமிழர்கள் ‘பராபரவஸ்து’ என்ற ஒரே பரம்பொருளை அறிந்தவர்கள் என்பதற்குச் சிவவாக்கியர் பாடல்களையே சான்று காட்டினார். ஹாலேயில் இருந்தபடி இந்த மதப்பணிக்குத் துணைநின்று வழிகாட்டிய பாதிரியார் பிராங்கே அந்த நூலை அச்சிட மறுத்துவிட்டார். அஞ்ஞானத்தை வேரறுக்க அனுப்பப்பட்டவர்கள் அதை ஐரோப்பாவில் பரப்பக்கூடாது என்பது அவர் வாதம். 1867இல் சென்னையில்தான் அது நூலாக வந்தது.

சீகன்பால்கு கடைசிவரை மதம் பரப்புபவராகவே இருந்தார். சிலைவழிபாடு தவறு என்ற கருத்தையும் விடவில்லை. அந்த அளவில் உங்கள் ஐயம் சரியானதே. ஆனால் தமிழர்களை அறிவற்றவர்கள் என்று எழுத அதன்பிறகு அவரால் முடியவில்லை. பிராங்கேயும் பெரும் படிப்பாளிதான். இந்தியாவுக்கு அவர் வந்ததில்லை, சிலையை உடைத்தவரிடம் அது படைவீரன் என்று சொல்ல ஒருவர் இருந்ததுபோல பிராங்கேயின் அருகில் எவரும் இருக்கவில்லை.

இஸ்லாத்தைப் பற்றிய பாடம் ஒரு முஸ்லிம் வகுப்புக்கு வந்து மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்வதாகவும், சைவத்தைப் பற்றியது சைவர் ஒருவர் சொல்வதாகவும் அமையவேண்டும் என்பதைச் சென்ற வாரக் கட்டுரையில் எழுதாமல் விட்டது என் பிழை.

அன்புடன்